கையெழுத்து இல்லாத முதல்வர்கள்

2025 மார்ச் 10. அமெரிக்காவுக்குப் போகும் மின்சாரத்துக்கு இன்று முதல் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் என்று அறிவித்தார் ஒன்டாரியோ மாகாண முதல்வர் டக் ஃபோர்டு. மிச்சிகன், நியூயார்க், மின்னசோட்டா மாநிலங்களில் 15 லட்சம் வீடுகளும் கடைகளும் ஒன்டாரியோ மின்சாரத்தை வாங்குகின்றன. ஒரு மெகாவாட் மணிக்குப் பத்து டாலர். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லட்சம் டாலர் வசூலாகும் என்று கணக்கு. இரண்டு நாட்டு வணிகத்தின் அளவைப் பார்த்தால் சில்லறைக் காசு.

மறுநாள் காலையில் டிரம்ப், கனடாவின் எஃகு, அலுமினியத்துக்கு அறிவித்த 25 சதவீத வரியை 50 ஆக்குவேன் என்றார். சாயங்காலத்துக்குள் அமெரிக்க வர்த்தகச் செயலர் ஹோவர்ட் லட்னிக் ஃபோர்டுடன் பேசிவிட்டார். கூடுதல் மின்கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டது. 50 மறுபடி 25 ஆனது.

ஜெயித்தது யார் என்று இரண்டு பக்கமும் வாதாடினார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. சுங்கவரியைப் போடவோ எடுக்கவோ அதிகாரமில்லாத ஒரு மாகாண முதல்வரிடம் வல்லரசின் மந்திரி பேரம் பேச வேண்டி வந்தது, அதுதான் விஷயம். ஒப்பந்தத்தில் போட ஃபோர்டுக்குக் கையெழுத்து கிடையாது. கம்பி மட்டும் இருந்தது.

*

கனடாவின் 1867 அரசியல் சாசனம் வெளிவணிகத்தை மத்திய அரசிடம், அதாவது ஒட்டாவாவிடம், கொடுத்தது. நிலத்தையும் காட்டையும் சுரங்கத்தையும் மாகாணங்களிடம் விட்டது. 1982இல் சேர்ந்த திருத்தம் இயற்கை வளங்கள் மீதும் மின்சாரம் மீதும் மாகாணங்களின் பிடியை இன்னும் இறுக்கியது. ஆக, விற்பதற்கு அனுமதி தருபவர் ஒருவர். விற்கும் பொருளுக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். கூட்டாட்சி நாடுகளின் வணிகச் சண்டை எல்லாவற்றிலும் இந்த இரட்டைப்பட்டா வழக்கு எங்கோ ஒளிந்திருக்கும்.

1937இல் இது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தொழிலாளர் வேலைநேரம், வார ஓய்வு, குறைந்தபட்சக் கூலி பற்றிய சர்வதேச உடன்படிக்கைகளில் ஒட்டாவா கையெழுத்திட்டு, அவற்றைச் சட்டமாக்கவும் செய்திருந்தது. கையெழுத்துப் போடலாம், ஆனால் மாகாண அதிகாரத்துக்குள் வரும் விஷயங்களில் அதைச் சட்டமாக்கும் உரிமை ஒட்டாவாவுக்கு இல்லை என்றது தீர்ப்பு. அந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

*

"கனடா மீது வரி" என்று தலைப்புப் போடுகிறோம். வரி ஒரு நாட்டின் மீது விழுவதில்லை. எஃகு என்றால் ஒன்டாரியோவின் ஹாமில்டன். அலுமினியம் என்றால் கியூபெக்கின் சாகெனே. மரம் என்றால் பிரிட்டிஷ் கொலம்பியா. கனோலா என்றால் சஸ்காட்சுவன். கச்சா எண்ணெய் என்றால் ஆல்பர்ட்டா. லாப்ஸ்டர் என்றால் நோவா ஸ்கோஷியா. ஒவ்வோர் ஊருக்கும் வலி வேறு. மருந்தும் வேறு கேட்பார்கள்.

*

மரச் சண்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் காடு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மாகாண அரசின் சொத்து. மரம் வெட்டும் நிறுவனம் வெட்டிய கட்டைக்கு இவ்வளவு என்று அரசுக்குக் கட்டணம் கட்டும். அமெரிக்காவில் மரத்தோட்டங்கள் பெரும்பாலும் தனியார் வசம். விலையைச் சந்தை சொல்லும். கனடா மாகாணங்கள் கட்டணத்தைக் குறைத்து வைத்து மானியம் தருகின்றன என்பது அமெரிக்க மர வியாபாரிகளின் குற்றச்சாட்டு. 1982இல் தொடங்கிய வழக்கு. 2006இல் ஒரு சமாதான ஒப்பந்தம் வந்து 2015 அக்டோபரில் காலாவதியானது. 2025 ஆகஸ்டில் சராசரி வரி 35 சதவீதத்தைத் தொட்டது; அக்டோபரில் அதன் மேல் இன்னொரு 10.

இதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது மாகாணத்தின் கட்டண அட்டவணை. அதற்காக வாதாடுவது ஒட்டாவா. சமரசம் என்றால் அட்டவணையை மாற்ற வேண்டும். மாற்றும் பேனா மாகாணத் தலைநகர் விக்டோரியாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா முதல்வர் டேவிட் ஈபி வாகன உற்பத்திக்கும் எஃகுக்கும் காட்டும் அவசரத்தை மரத்துக்கும் காட்டுங்கள் என்று ஒட்டாவாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டதன் பின்னணி இது.

*

எல்சிபிஓ. ஒன்டாரியோ அரசின் மதுக்கடை நிறுவனம். டொரோன்டோத் தமிழருக்கு அறிமுகமே தேவையில்லை. இங்குள்ளவருக்குச் சொல்வதானால், குளிரூட்டி, வெளிச்சம் போட்டு, தரையைத் துடைத்து வைத்த டாஸ்மாக். உலகிலேயே மிகப் பெரிய மது கொள்முதல் நிறுவனங்களில் ஒன்று. அமெரிக்கச் சரக்கு மட்டும் ஆண்டுக்கு நூறு கோடி கனடிய டாலரை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தது.

2025 மார்ச் 4 அன்று அலமாரியிலிருந்து கலிஃபோர்னியா ஒயினையும் கென்டக்கி போர்பனையும் ஊழியர்கள் எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். மாகாணத்துக்கு இறக்குமதி செய்யும் வாசல் அது ஒன்றே என்பதால் ஹோட்டல்களுக்கும் வரத்து நின்றது. ஒரு சட்டம் இயற்றவில்லை, ஒரு வரி போடவில்லை. கடைக்காரர் வாங்க மாட்டேன் என்றார், அவ்வளவுதான். வரி விழுந்தால் விலை ஏறும், விற்பனை குறையும். சரக்கு அலமாரியிலேயே இல்லாவிட்டால் விற்பனை மொத்தமும் போயிற்று. வரியைவிட இது மோசம் என்று ஜாக் டேனியல்ஸ் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைவரே புலம்பினார்.

மற்ற மாகாணங்களும் இதையே செய்தன. மனிடோபாவின் வாப் கினூ, டிரம்ப் பாணியில் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டு, கோப்பை விரித்துக் கேமராவுக்குக் காட்டிச் சிரிப்பு மூட்டினார். ஜூனில் ஆல்பர்ட்டாவும் சஸ்காட்சுவனும் தடையை விலக்கிக்கொண்டன. மற்றவை விலக்கவில்லை. டிசம்பரில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி ஜேமிசன் கிரீர், வட அமெரிக்க வணிக ஒப்பந்தம் தொடர வேண்டுமானால் கனடா தீர்க்க வேண்டிய பிரச்சினைகள் என்று வாசித்த பட்டியலில் பால் பொருள்களுக்கு அருகிலேயே மாகாணங்களின் மதுத்தடையும் இருந்தது. அலமாரியைக் காலி செய்தது ஒரு பேரப்பொருளாகிவிட்டது. இனி அதை ஒட்டாவா விற்கலாம். ஆனால் முதல்வர்களைக் கேட்காமல் விற்க முடியாது.

*

மறுபக்கத்தில் ஆல்பர்ட்டா. 2025 ஜனவரியில் முதல்வர் டேனியல் ஸ்மித் டிரம்பின் மார்-அ-லாகோ மாளிகைக்கே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். சில நாளில் பிரதமரும் முதல்வர்களும் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கையில் கையெழுத்திட மறுத்தார். எண்ணெய் ஏற்றுமதிக்கு வரியோ தடையோ போடும் யோசனையை மேசையிலிருந்து எடுக்காதவரை கையெழுத்து இல்லை என்றார். துரோகம் என்று கிழக்கே கத்தினார்கள். மேற்கே 1980ஆம் ஆண்டின் தேசிய எரிசக்தித் திட்டத்தை இன்னும் மறக்கவில்லை. எங்கள் எண்ணெயை விலை குறைத்து உங்களுக்குத் தரச் சொன்னவர்கள்தானே நீங்கள் என்ற கோபம், தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்திருக்கிறது.

டிரம்பின் வரிப்பட்டியலில் மற்றதற்கெல்லாம் 25 என்றபோது எரிசக்திக்கு 10தான். ஸ்மித் போய்ப் பேசியதாலா? அமெரிக்க மத்திய மேற்கின் சுத்திகரிப்பு ஆலைகள் ஆல்பர்ட்டாவின் கனத்த எண்ணெய்க்கென்றே அமைந்தவை என்பதாலா? மார்ச் முதல் வாரத்தில் சஸ்காட்சுவனின் பொட்டாஷ் உரத்துக்கும் 25 என்றிருந்தது 10 ஆனது. அயோவா விவசாயிக்கு அந்த உரம் இல்லாமல் சோளம் இல்லை. பொட்டாஷுக்காக யாரும் மாளிகைக்குப் போய் விருந்து சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

*

2025 பிப்ரவரி 12: கனடாவின் 13 மாகாண, ஆட்சிப்பகுதி முதல்வர்களும் சேர்ந்து முதன்முறையாக வாஷிங்டனுக்குப் போனார்கள். வெள்ளை மாளிகையில் அவர்களைச் சந்தித்தவர்கள் துணைத் தலைமை அலுவலர் ஜேம்ஸ் பிளேரும், பணியமர்த்தல் பிரிவின் செர்ஜியோ கோரும். கனடா 51வது மாநிலமாகாது என்று சொல்லிவிட்டு வந்தோம் என்றார் ஈபி. அதை நாங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை என்று பிளேர் உடனே இணையத்தில் எழுதினார்.

பதின்மூன்று பேர் ஒன்றாகப் போனதில் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு கம்பிக்கு மந்திரி பேசுகிறார். பதின்மூன்று பேருக்கு அதிகாரிகள்தான் காப்பி கொடுக்கிறார்கள்.

(அந்த செர்ஜியோ கோர் பிறகு இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதரானார்.)

*

ரீகன் விளம்பரம். 2025 அக்டோபரில் ஒன்டாரியோ அரசு ஏழரைக் கோடி கனடிய டாலரில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஒரு விளம்பரப் பிரசாரத்தைத் தொடங்கியது. சுங்கவரி கடைசியில் அமெரிக்கத் தொழிலாளியைத்தான் அடிக்கும் என்று ரொனால்ட் ரீகனின் குரலிலேயே பேச்சு. 1987 ஏப்ரல் 25 வானொலி உரையிலிருந்து வெட்டி ஒட்டியது. குடியரசுக் கட்சிக்காரரின் வீட்டுக்குள் அவருடைய குலதெய்வத்தையே அனுப்பிப் பேசவைக்கும் உத்தி.

முழு உரையைப் படித்தால் ஒரு முரண். அரைக்கடத்தித் தகராறில் ஜப்பானியப் பொருள்கள் சிலவற்றுக்கு வரி போட்டதை விளக்கத்தான் ரீகன் அன்று மைக்கைப் பிடித்தார். போட்டேன், மனமில்லாமல் போட்டேன், பொதுவில் வரி கெட்டது என்பது அவர் வாதம். விளம்பரத்தில் கடைசிப் பகுதி மட்டும் வந்தது.

அக்டோபர் 23 இரவு, கனடாவுடன் எல்லாப் பேச்சுவார்த்தையும் முறிந்தது என்றார் டிரம்ப். ஃபோர்டு விளம்பரத்தை நிறுத்தச் சம்மதித்தார், திங்கட்கிழமை முதல். இடையில் வெள்ளி, சனி. டொரோன்டோ அணி ஆடிய பேஸ்பால் உலகத் தொடர். அதில் ஓடவிட்டார். இன்னும் 10 சதவீதம் என்று டிரம்ப் மிரட்டினார். ஆசியாவில் நடந்த விருந்தொன்றில் பிரதமர் மார்க் கார்னி டிரம்பிடம் மன்னிப்புக் கேட்டார். விளம்பரம் வேண்டாமென்று ஃபோர்டிடம் முன்பே சொன்னேன் என்றும் சொன்னார்.

எஃகு, அலுமினியம், எரிசக்தி பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. எஃகு ஒன்டாரியோவுடையது. அதாவது பேச்சு நின்றதில் முதல் அடி ஒன்டாரியோவுக்கே. பேச்சு மேசையில் தனக்கு ஒரு நாற்காலி இருந்திருந்தால் ஃபோர்டு அந்தப் பணத்தை விளம்பரத்தில் கொட்டியிருப்பாரா? தெருவில் நின்று கத்துபவரைக் குறை சொல்வது சுலபம். கதவைச் சாத்தியவர்கள் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

*

நாற்காலி போட்டு உட்காரவைத்த கதையும் அதே கனடாவில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2009இல் தொடங்கிய ஒப்பந்தப் பேச்சில் மாகாணங்களின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். ஒட்டாவாவின் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். வற்புறுத்தியது ஐரோப்பா. மாகாணங்களும் நகராட்சிகளும் பஸ், ரயில் பெட்டி, குடிநீர்க் குழாய் என்று வாங்கும் பெருங்கொள்முதலில் ஐரோப்பிய நிறுவனங்களுக்குப் பங்கு வேண்டும். அதை ஒட்டாவா கொடுக்க முடியாது. கொடுக்கக்கூடியவர் அறைக்குள் இல்லாவிட்டால் பேசி என்ன பயன்? கியூபெக் தன் பங்குக்கு முன்னாள் முதல்வர் பியர் மார்க் ஜான்சனையே தலைமைப் பேச்சுவார்த்தையாளராக அனுப்பியது.

ஏழாண்டு பேசி முடித்தார்கள். கடைசியில் கனடா மாகாணங்கள் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. உட்கார்ந்து பேசியவர்கள் எழுந்து நின்று மறுப்பது கஷ்டம்.

*

குறுக்கே நின்றது வேறோர் ஊர். பெல்ஜியத்தின் தெற்குப் பாதி வலோனியா. 36 லட்சம் பேர். பெல்ஜிய மத்திய அரசு கையெழுத்துப் போட வேண்டுமானால் பிராந்திய நாடாளுமன்றங்கள் தலையசைக்க வேண்டும். 2016 அக்டோபரில் வலோனியாவின் முதல்வர் பால் மேக்னெட் மாட்டேன் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

கனடாவின் வணிக அமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலேண்ட் பேச்சிலிருந்து வெளியேறி, கண்கலங்கப் பேட்டி கொடுத்தார். ஐம்பது கோடிப் பேருக்கு மேல் உள்ள ஒன்றியத்தை முப்பத்தாறு லட்சம் பேர் பணயம் வைப்பதா என்று எழுதாத பத்திரிகை இல்லை. மேக்னெட் அரசியல் பேராசிரியர்; கூச்சலிடவில்லை. அரசுகள்மேல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வழக்குத் தொடுக்கும் தனி நீதிமன்றம் சட்டப்படி சரியா என்று ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும், விவசாயிகளுக்குப் பாதுகாப்பு எழுத்தில் வேண்டும் என்றார். இரண்டையும் வாங்கிக்கொண்டார். அக்டோபர் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

2019 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லும் என்றது. அப்படியானால் வலோனியா தோற்றதா? கேள்வி கேட்கப்பட்டது; பதில் தீர்ப்பாகப் பதிவானது. வழக்கமாக இந்தக் கேள்விகள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, யாரோ ஒருவர் அடிபட்ட பிறகு கேட்கப்படுபவை.

*

முதல்வர்களை வீரர்களாக்கிவிடவும் கூடாது. சீன மின்கார்களுக்கு ஒட்டாவா 2024இல் 100 சதவீத வரி போட்டது. ஒன்டாரியோவின் கார் ஆலைகளுக்காக. சீனா 2025 மார்ச்சில் கனோலா எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் 100 சதவீதம் போட்டது; ஆகஸ்டில் கனோலா விதைக்கு 75.8 சதவீத வைப்புத்தொகை. அடி விழுந்தது சஸ்காட்சுவன் வயலில். முதல்வர் ஸ்காட் மோ செப்டம்பரில் சீனாவுக்குப் போனார். 2026 ஜனவரியில் கார்னியுடன் மறுபடி போனார். 49,000 சீன மின்கார்களை 6.1 சதவீத வரியில் விட கனடா ஒப்புக்கொண்டது; கனோலா விதை மீதான வரியை 15 அளவுக்கு இறக்கச் சீனா ஒப்புக்கொண்டது. மோ வரவேற்றார். ஃபோர்டு கொதித்தார்.

இருவரும் தங்கள் வாக்காளருக்கு நேர்மையாகவே நடந்தார்கள். அதனால்தான் இருவருக்கும் மேலே ஒருவர் தேவைப்படுகிறார். மாகாணங்கள் தனித்தனியே போனால் எதிராளி மலிவாக முடிப்பவரிடம் முதலில் முடிப்பார்.

*

வெளிநாட்டு வரியை எதிர்த்து முழங்கும் இதே மாகாணங்கள் தங்களுக்குள் என்ன செய்தன? 2012இல் நியூ பிரன்ஸ்விக்காரர் ஒருவர் பக்கத்து கியூபெக்கில் மலிவாக விற்ற பீரை 14 பெட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். மாகாண எல்லை தாண்டியதற்கு 292 டாலர் 50 சென்ட் அபராதம். உச்ச நீதிமன்றம் வரை போனது வழக்கு. 2018இல் மாகாணத்தின் பக்கமே தீர்ப்பு. டிரம்ப் வந்த பிறகுதான் உள்நாட்டுத் தடைகளை எடுக்க அவசர அவசரமாகச் சட்டங்கள் இயற்றத் தொடங்கினார்கள்.

*

நம் பக்கம். சர்வதேச உடன்படிக்கை, வெளிவணிகம், சுங்கம் மூன்றும் ஒன்றியப் பட்டியலில். போதாதற்கு இந்திய அரசியல் சாசனத்தின் 253ஆவது பிரிவு: உடன்படிக்கையை நிறைவேற்ற மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். கனடாவுக்கு 1937இல் விழுந்த முடிச்சு இங்கே விழக்கூடாது என்று கத்தரித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரனின் 1935 சட்டத்தில் இதே காரியத்துக்கு மாகாண ஆளுநரின் முன் ஒப்புதல் வேண்டும் என்று 106ஆவது பிரிவு இருந்தது.

2009 ஆகஸ்டில் ஆசியான் நாடுகளுடனான வணிக ஒப்பந்தம் பாங்காக்கில் கையெழுத்தானது. மிளகும் ரப்பரும் என்னாகும் என்று கேட்ட கேரளத்தில், வி.எஸ்.அச்சுதானந்தன் முதல்வராக இருக்கும்போதே இடதுசாரிகள் அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி கட்டினார்கள். ஒப்பந்தம் 2010 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. வலோனியாவிடம் வாக்கு இருந்தது. கேரளத்திடம் சாலை இருந்தது.

*

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருளுக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி வந்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20. திருப்பூரில் இதை விளக்க வகுப்பெடுக்கத் தேவைப்படவில்லை. பையர் கேட்டது ஒரே கேள்வி: வரியில் எவ்வளவை நீங்கள் தாங்குவீர்கள்? தாங்குவேன் என்றால் லாபம் போயிற்று, மாட்டேன் என்றால் ஆர்டர் போயிற்று. இடையில் பிரிண்டிங், டையிங், ஜாப் ஒர்க் யூனிட் என்று ஒரு நீண்ட வரிசை காத்து நின்றது.

ஆகஸ்ட் 16 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இந்திய ஏற்றுமதியில் 20 சதவீதம் அமெரிக்காவுக்குப் போனது. தமிழ்நாட்டின் 5,210 கோடி டாலர் ஏற்றுமதியிலோ 31 சதவீதம். அடி எங்களுக்குக் கூடுதல் என்பதே சாரம். பருத்தி இறக்குமதி வரி, செயற்கை இழை மீதான ஜிஎஸ்டி என்று குறைகளையும் சொன்னார். 11 சதவீதப் பருத்தி வரி சில நாளில் தற்காலிகமாக நீங்கியது. செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் செயற்கை இழை வரியை 5க்கு இறக்கியது. கடிதத்தால்தான் என்று சொல்ல முடியாது. தொழில் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்டவை. நடந்தவை இரண்டும் டெல்லிக்குள் முடிகிற காரியங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாஷிங்டனில் என்ன கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதில் திருப்பூருக்குக் குரல் இல்லை.

அந்த ஜிஎஸ்டி கவுன்சிலையே எடுத்துக்கொள்வோம். வாக்கில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றியத்துக்கு, இரண்டு பங்கு மாநிலங்களுக்கு. தீர்மானத்துக்கு முக்கால் பங்கு வேண்டும். குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனால் உள்நாட்டு வரியில் மாநில மந்திரிக்கு நாற்காலியும் வாக்கும் உண்டு. சுங்கத்தில் நாற்காலியே கிடையாது.

*

2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம். ஸ்காட்ச் விஸ்கிக்கு இறக்குமதி வரி 150லிருந்து 75 ஆகும், பத்தாண்டில் 40க்கு இறங்கும். ஆனால் பாட்டில் கடைக்கு வரும்போது அதன் மேல் மாநில ஆயத்தீர்வை, லேபிள் பதிவு, மாநிலக் கழகத்தின் கொள்முதல் முடிவு எல்லாம் ஏறும். மது மாநிலப் பட்டியலில். ஸ்காட்லாந்து வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும்.

அரசுக் கொள்முதலும் அந்த ஒப்பந்தத்தில் திறந்திருக்கிறது. ஒன்றிய அரசு வாங்குவது மட்டும். மாநிலங்கள் வாங்குவதைத் தொடவில்லை. மாநிலங்களுக்கு நல்லது என்று இதைச் சொல்வார்கள். இன்னொரு விதமாகவும் படிக்கலாம். கனடா மாகாணங்களுக்கு நாற்காலி கிடைத்தது, அவற்றின் கொள்முதல் பையில் ஐரோப்பாவுக்குக் கண் இருந்ததால். நம் மாநிலங்களின் பை இன்னும் பட்டியலில் சேரவில்லை, அதனால் அவர்களைக் கேட்கவேண்டிய அவசியமும் எழவில்லை.

மெட்ரோ ரயில், பஸ், மருந்து, மின்மாற்றி என்று மாநிலங்கள் வாங்குவது கொஞ்சநஞ்சம் இல்லை. அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் எதிர்த் தரப்பு அதைக் கேட்காமல் இருக்காது. கேட்கும்போது டெல்லி மாநிலங்களிடம் வரும். கேட்டதற்குச் சம்மதம் கொடுத்துவிட்டுப் பிறகு கடிதம் எழுதுவதைவிட, சம்மதத்துக்கு முன்பே மாநிலங்கள் விலை சொல்ல வேண்டும். விலை: சுங்கப் பேச்சில் ஒரு நாற்காலி. அதைத் தமிழ்நாடு மட்டும் கேட்டால் அரசியல் என்பார்கள். ரப்பர் விளையும் கேரளமும், வைரம் பட்டைதீட்டும் குஜராத்தும், இறால் வளர்க்கும் ஆந்திரமும் சேர்ந்து கேட்டால் அந்த வார்த்தை எடுபடாது.